இருபதாவது ஜோடி

படம் காட்டிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் மனதில் அதிகம் நிற்குமா, சாக்பீஸால் எழுதி நடத்தினால் அதிகம் நிற்குமா? இந்தக் கேள்விக்கு விடை காண அறுபதுகளின் நடுவில் என் ஆயுளில் ஒன்றரை வருஷத்தைக் கொடுத்தேன். சிதம்பரத்தில் அதை ஆராய்ச்சி என்றார்கள். கடலூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘டீச்சர் சினிமா காட்றாங்க’ என்றார்கள். இரண்டில் எது சரி என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கடலூர் முதுநகரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐம்பது பெண்களை ஒரே அறையில் அடைத்து, ஜன்னல் வழியாக வரும் கருவாட்டு வாசனைக்கு நடுவே தொண்டை கட்டும்வரை கத்துவதுதான் வேலை. அதிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, எம்.எட். படித்துவிட்டு எங்காவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராகப் போய்விடுவது. ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பில் சிதம்பரம் போய்ப் படித்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையை மட்டும் வேலைக்குத் திரும்பிய பிறகு முடித்துக் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. கல்வியின் மேல் எனக்கிருந்த பற்றைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பாதி உண்மைதான்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். நான் சனிக்கிழமை தோறும் ரயிலில் போய் அவர் முன்னால் உட்காருவேன். ஒரு வெள்ளைத்தாளில் கோடு கிழித்து எனக்கு முறையைச் சொல்லிக்கொடுத்தார். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஏ பிரிவுக்குப் படம், பி பிரிவுக்குச் சாக்பீஸ். ஆரம்பத்தில் ஒரு சோதனை வைத்து, ஏ பிரிவில் இருபத்திரண்டு மார்க் வாங்கியவளுக்கு பி பிரிவில் இருபத்திரண்டு வாங்கியவளை ஜோடி சேர்க்கவேண்டும். பாடம் எல்லாம் முடிந்ததும் மறுபடி ஒரு சோதனை. ஒவ்வொரு ஜோடியிலும் யார் எவ்வளவு முன்னேறினாள் என்று பார்க்கவேண்டும். ஜோடியில் ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். இருபது ஜோடிக்குக் குறைந்தால் கட்டுரையை ஏற்கமாட்டார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்திரண்டு ஜோடி தேறியது. பன்னிரண்டு போனாலும் மோசமில்லை என்று நிம்மதியாக ரயிலேறினேன்.

படம் காட்டுகிற புரொஜக்டர் சிதம்பரத்திலிருந்து இரவலாக வந்தது. தகரப்பெட்டியில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அசையாத படங்கள்தான். சுருளைக் கையால் திருகினால் ஒவ்வொன்றாகச் சுவரில் விழும். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, கதவைச் சாத்தி, ஐம்பது பெண்களோடு உள்ளே உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் மூச்சு முட்டும். இரண்டு வகுப்புக்கு ஒருமுறை கரெண்டு போகும். பனிமலை, எரிமலை, பாலைவனம் எல்லாம் சுவரில் வந்து போயின. பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எதைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்கு, படத்தில் ஓரமாக நின்ற வெள்ளைக்காரியின் தொப்பிதான் ஞாபகம் இருந்தது.

பி பிரிவில் அதே பாடத்தை நான் கரும்பலகையில் நடத்தினேன். அங்கே ஒருத்தி இருந்தாள். முதல் பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேள்வி கேட்பாள். பனியாறு நகரும் என்றேன். எவ்வளவு வேகமாக நகரும் என்றாள். ஒரு நாளைக்கு ஒரு முழம் இருக்கலாம் என்றேன். அதை யார் பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்தார்கள் என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாததால் கோபம் வந்தது, உட்காரு என்றேன். அப்பாவை அத்தா என்பாள். அவர் பினாங்கில் வியாபாரத்தில் இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் எத்தனையாம் நாள் எந்தக் கரை தெரியும் என்று வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்வாள். எனக்கு அது தெரியாது. நான் கப்பலையே துறைமுகத்துக்கு வெளியே நிற்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அவளை எனக்குப் பிடிக்கவும் செய்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எட்டாம் வகுப்பு என்றால் பதின்மூன்று வயது. இந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. நானும் அந்த வயதில் வீட்டில் உட்காரவைக்கப்பட்டவள்தான். என்னை மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசிப் பேசித்தான் அனுப்பினார்கள். அப்படிப்பட்டவள், எங்கோ பையன்களை வைத்து எழுதிய முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பெண்கள் பள்ளி எட்டாம் வகுப்பில் வைத்தேன். ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி வராமல் போவாள். இரண்டு நாள் கழித்து அவள் தெருப் பெண் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அவ இனிமே வரமாட்டா டீச்சர்” என்பாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான், இந்தச் சாதி அந்த மதம் என்று இல்லை. சிலர் பதினாறு நாளில் திரும்பி வந்தார்கள். பலர் வரவே இல்லை. அதிலும் கொடுமை, ஒருத்தி பெரியவளானால் என் கணக்கில் இரண்டு பேர் போவார்கள். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாது. ஜோடி எண்தான் தெரியும்.

நின்றவர்களின் பட்டியலைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். இதற்கு ஆராய்ச்சியில் ஒரு பெயர் உண்டு என்றார். மார்ட்டாலிட்டி. சாவு எண்ணிக்கை. பாதியில் கழன்றுகொண்டவர்களை அப்படித்தான் குறிப்பிட வேண்டுமாம். ஏன் நின்றார்கள் என்று எழுதட்டுமா என்றேன். நம் தலைப்புக்கு அது வெளியே போகிறது அம்மா, எண்ணிக்கை போதும் என்றார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

பாடங்கள் தீபாவளிக்கு முன்பே முடிந்தன. கடைசிச் சோதனைதான் பாக்கி. மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பிறகு ஊரில் வீடிழந்தவர்களை வகுப்புகளில் தங்கவைத்தார்கள். சோதனை பொங்கலுக்குப் பின்னால் தள்ளிப்போனது. பொங்கல் முடிந்து போய் எண்ணினால் பத்தொன்பது ஜோடி. அந்தக் கேள்வி கேட்கிறவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தாள். மழையோடு மழையாக அவளும் பெரியவளாகியிருந்தாள். அவளோடு ஜோடி சேர்ந்த ஏ பிரிவுப் பெண் எதுவும் தெரியாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் கவலைப்படவில்லை. பாடங்கள் முழுவதும் கேட்டவள்தானே, சோதனைக்கு மட்டும் ஒருமணி நேரம் வந்து எழுதிவிட்டுப் போனால் அவள் செல்லுபடியாகும் என்றார். வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார்.

பள்ளிக்கூடத்து ஆயாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரிக்ஷாவில் போனேன். அவள் அத்தா ஊரில் இல்லாததால் தாய்மாமாதான் அந்த வீட்டுக்குப் பொறுப்பு. படகுக்காரர்களுக்குக் கயிறும் ஆணியும் பாய்த்துணியும் விற்கும் கடை வைத்திருந்தார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று எனக்குள் இரண்டு விதமாக ஒத்திகை பார்த்தேன். ஒன்று, பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், எஸ்.எஸ்.எல்.சி. வரை அனுப்புங்கள் என்று கேட்பது. மற்றொன்று, ஒரே ஒரு நாள் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்பது. பெரிதாகக் கேட்டால் மறுத்துவிடுவார், மறுத்த வாயால் சின்னதற்கும் சம்மதிக்க மாட்டார் என்று தோன்றியது. படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று முடிவுசெய்தேன். அவளுடைய படிப்பு அன்றைக்கு என் நாக்கு நுனியில் இருந்தது. தெரிந்தேதான் மென்று விழுங்கினேன்.

வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக அந்த மாமா எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டு, தேநீரும் பிஸ்கட்டும் வரவழைத்து, நான் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உள்கட்டுத் திரைக்குப் பின்னால் அவள் அம்மா நிற்பது தெரிந்தது. நான் விஷயத்துக்கு வந்தேன். இது பள்ளிக்கூடப் பரீட்சைகூட இல்லை, சிதம்பரத்துக்காக வைக்கிறது, ஒருமணி நேரம், ஒரே ஒரு நாள், திரை கட்டிய வண்டியில் வந்து போகட்டும், நானே வாசலில் நின்று கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“அவ்ளோதானா டீச்சர்?”

“அவ்வளவுதான் பாய்.”

“வேற ஒண்ணும் கேக்க வரலியே?”

“இல்லைங்க. ஒருநாள் போதும். அதுக்கப்புறம் தொந்தரவே பண்ணமாட்டேன்.”

அவர் திரைப்பக்கம் திரும்பி, அனுப்பலாம் என்றார். திரும்பி வரும்போது ரிக்ஷாவில் எனக்கு ஒரே சந்தோஷம். எப்படிப் பேசினேன் பார்த்தாயா என்று ஆயாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு, பொண்ணு திரைக்குள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச்சும்மா என்றாள். நான் அதைக் கவனிக்கவில்லை.

சோதனையன்று திங்கட்கிழமை. சொன்னபடி குதிரை வண்டி வந்தது. அவள் இறங்கினாள். தோளில் பை. ஒரு பேனா போதும் என்று சொல்லியனுப்பியிருந்தேன். அவள் திங்கட்கிழமை அட்டவணைப்படி தமிழ், கணக்கு, சரித்திரம், தையல் துணி உட்பட எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பிவிட்டுத் தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். முதலில் எழுதி முடித்தவள் அவள்தான். மடித்துக் கொடுத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அடுத்த பீரியடு கணக்குதான டீச்சர்?”

உனக்கு இன்றைக்குப் பரீட்சை மட்டும்தான், வண்டி நிற்கிறது என்றேன். அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். பையின் வார் அறுந்திருந்ததால் முடிச்சுப் போட நேரமானது. வண்டிவரை நானே கூட்டிப்போனேன், அதாவது வாக்கைக் காப்பாற்றினேன். படியில் கால் வைத்தபடி, மார்க்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். தெரிந்ததும் சொல்லியனுப்புகிறேன் என்றேன். ஆராய்ச்சிச் சோதனையின் மார்க்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஐம்பதுக்கு நாற்பத்தாறு. இரண்டு பிரிவிலும் அதுதான் முதல் மார்க். பனியாற்றைச் சுவரில் பார்த்த அவள் ஜோடிக்கு இருபத்தொன்பது. சிதம்பரத்தில் கையால் சுற்றுகிற கணக்கு இயந்திரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா எண்களையும் போட்டுச் சுற்றினேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். படத்துக்கும் சாக்பீஸுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. பேராசிரியர், அதுவும் ஒரு முடிவுதானே அம்மா என்றார். அவள் ஜோடியை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் அதே முடிவுதான் வந்தது. பத்தொன்பது ஜோடியோ இருபது ஜோடியோ, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. எம்.எட். செல்லுபடியாகத்தான் இருபது. கட்டுரையில் அவள் இருபதாம் எண். நின்றுபோனவர்களுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கினேன். அதில் அவள் வரவில்லை, அவள்தான் கடைசிவரை இருந்துவிட்டாளே.

பயிற்சிக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. இரண்டு முறை நேர்முகத்துக்குப் போனேன், இரண்டு முறையும் வேறு யாரோ தயாராக இருந்தார்கள். அதே பள்ளிக்கூடத்தில் அதே கருவாட்டு வாசனையில் கத்திக்கொண்டிருந்தேன். புரொஜக்டரைத் திருப்பிக் கொடுத்த பிறகு கறுப்புத் துணியைக் கைவேலை டீச்சர் வாங்கிக்கொண்டுபோய்ப் பொம்மைக்குச் சட்டை தைக்க வைத்தாள். அந்த வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதுநகர் ஒன்றும் அவ்வளவு பெரிய ஊரில்லை.

மூன்று வருஷம் போனது. வகுப்பறையில் கருவிகளைப் பயன்படுத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒருநாள் வகுப்பு சிதம்பரத்தில் நடந்தது. அந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எழுதியவள் நான் ஒருத்திதான் என்பதால் பேச அழைத்திருந்தார்கள். கருவி முக்கியமில்லை, ஆசிரியரே முக்கியம் என்று பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் அந்த மாமா உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று சலாம் சொன்னார். ஒரே வண்டியில் ஏறி எதிரெதிராக உட்கார்ந்தோம். பரங்கிப்பேட்டையில் இறங்கவேண்டுமாம். அவளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷத்தில் ஒரு குழந்தையும் ஆகிவிட்டது. அதற்காக வாங்கிய மரப்பொம்மை ஒன்று மடியில் இருந்தது.

நல்ல படிப்பாளி என்றேன் நான். ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னது. அவர் கோபமில்லாமல், நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அன்னிக்கி நீங்க வர்றப்ப என் சட்டப் பையில மச்சான் லெட்டரு இருந்திச்சி டீச்சர். பினாங்குலேர்ந்து. பொண்ணு படிக்கணும்னு அழுவுதாம், பள்ளிக்கூடத்துலேர்ந்து டீச்சரம்மா வந்து கேட்டாங்கன்னா அனுப்பிடு, தெருவுல எவன் என்னா பேசுனாலும் டீச்சரம்மா மேல சாட்டிடுன்னு எழுதியிருந்தாரு. நானா அனுப்ப முடியாது, ஊர்ல ஜாஸ்தி பேசுவாங்க. நீங்க கேட்டீங்கன்னா எனக்கும் ஒரு புடி இருந்துருக்கும். கேப்பீங்க கேப்பீங்கன்னு உக்காந்துருந்தேன். ஒருநாள் போதும்னுட்டீங்க. சரி, சொல்லிக் குடுக்கறவங்களே போதும்னு சொல்லிட்டாங்கன்னு மச்சானுக்கு எழுதிப்போட்டேன்.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். இவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? கிள்ளை தாண்டியது. அவர் பொம்மையைத் துணிப்பையில் போட்டுக் கட்டினார். இறங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கவேண்டும் என்றார். அந்தப் பரீட்சையில் அவள் பாஸா பெயிலா? ஒரு வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பாஸ் செய்தால் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பிக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட டீச்சரிடமிருந்து ஆள் வந்ததா என்று கேட்டாளாம். இப்போதும் அவரைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டாம்.

நாற்பத்தாறு, அதுதான் முதல் மார்க் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இத அவகிட்ட சொல்லவேணாம் டீச்சர். பெயிலுன்னே சொல்லிடறேன். அப்பதான் அதுக்கு மனசு ஆறும்.”

வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றது. சரி பாய், அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன்.